என்ட்ரோபி 7.8, யாரா விதியில் சிக்கவில்லை: கோப்பை நம்பலாமா?

கேள்வி:
மின்னஞ்சல் இணைப்பாக வந்த இஎக்ஸ்இ கோப்பு. அதன் ஹாஷை (கோப்பின் கைரேகை போன்ற எண்) தேடினால் எங்கும் பதிவில்லை, யாரா விதி (தீங்கு நிரல்களின் அடையாளச் சரங்களைத் தேடும் விதி) எதுவும் பொருந்தவில்லை. சாண்ட்பாக்ஸில் (தனிமைப்படுத்திய சோதனைச் சூழல்) 2 நிமிடம் ஓடவிட்டேன், எந்த அசைவும் இல்லை. கோப்பின் உட்பகுதிகளில் ஒரு செக்‌ஷனின் என்ட்ரோபி (பைட்டுகள் எவ்வளவு ஒழுங்கற்றவை என்னும் அளவு) மட்டும் 7.8. நல்ல கோப்பு என்று விட்டுவிடலாமா?

பதில் 1:
விடவே கூடாது. ஒரே ஒரு பைட் மாறினாலும் ஷா-256 ஹாஷ் அடியோடு மாறிவிடும், அதனால் ஹாஷ் பதிவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. என்ட்ரோபியின் உச்சமே 8. சாதாரண நிரல் பெரும்பாலும் 6-ஐ ஒட்டித்தான் இருக்கும். 7.8 என்றால் உள்ளே சுருக்கியோ மறையாக்கியோ எதையோ வைத்திருக்கிறார்கள். யாரா தேடும் சரங்களும் அதற்குள்ளேதான் கிடக்கும். வட்டில் அளவு 0, நினைவகத்தில் மட்டும் பெரிய இடம் கேட்கும் செக்‌ஷன் இருக்கிறதா பாருங்கள். பிரித்த நிரல் வந்து இறங்கும் இடம் அது. யூபிஎக்ஸ் பேக்கர் (நிரலைச் சுருக்கிப் பொதியும் கருவி) என்றால் அதே கருவி பிரித்துக் கொடுக்கும். தலைப்பகுதியைச் சிதைத்திருந்தால் பிரிக்க மறுக்கும். படங்கள் நிறைந்த ரிசோர்ஸ் செக்‌ஷனிலும் என்ட்ரோபி ஏறும், அதையும் கவனியுங்கள்.

பதில் 2:
2 நிமிடம் போதாது. 10 நிமிடம் ஸ்லீப் (காத்திருப்பு) போட்டுவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்கும் தீங்கு நிரல்கள் உண்டு. சாண்ட்பாக்ஸ் அந்த ஸ்லீப்பைத் தாண்டவைத்தால், முன்னும் பின்னும் கடிகாரத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடும். 1 கோர், 2 ஜிபி ரேம், அசையாத மவுஸ் என்றாலே சில படுத்துக்கொள்ளும். 4 கோர், 8 ஜிபி கொடுத்து, நாலு ஆவணங்களைத் திறந்து மூடிய தடயமும் வையுங்கள்.

ஆய்வகத்தில் உண்மை இணையத்துக்குப் பதிலாக வைக்கும் போலி இணையத்திலும் கவனம் தேவை. 2017-இல் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை, அப்போது பதிவாகாத ஒரு டொமைனைத் தொடர்புகொண்டு பார்க்கும். பதில் வந்தால் நின்றுவிடும். எல்லா டொமைனுக்கும் பதில் சொல்லும் ஆய்வகத்தில் அது ஒன்றும் செய்யாததுபோலத்தான் தெரியும். எனவே போலி இணையத்தோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை ஓட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அது ரிசோர்ஸ் செக்‌ஷன் இல்லை. யூபிஎக்ஸும் பிரிக்க மறுக்கிறது.

பதில் 3:
அப்படியானால் நினைவகத்தில்தான் பிடிக்க வேண்டும். இப்படி மறைத்தவை பெரும்பாலும் ஓடும்போது பிரிந்துதானே ஆக வேண்டும்! வெளி நெட்வொர்க் துண்டித்த விஎம்மில் (மெய்நிகர் கணினி) ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு, டீபக்கரில் (நிரலை இடைநிறுத்தி ஆராயும் கருவி) நினைவகம் ஒதுக்கும் விர்ச்சுவல்அலாக், அதன் அனுமதியை மாற்றும் விர்ச்சுவல்புரொடெக்ட் இரண்டிலும் பிரேக்பாயின்ட் (நிறுத்தப்புள்ளி) வையுங்கள். எழுதவும் இயக்கவும் ஒருசேர அனுமதி பெற்ற பக்கம் நிரம்பியதும் டம்ப் (நினைவகப் பிரதி) எடுத்து, அதன்மேல் அதே யாரா விதிகளை ஓட்டுங்கள். வேறொரு பிராசஸுக்குள் (ஓடும் நிரல்) புகுந்தால் சிஸ்மானில் (விண்டோஸ் நிகழ்வுகளைப் பதிவு செய்யும் கருவி) நிகழ்வு எண் 8 (வேறு பிராசஸில் த்ரெட் தொடங்குவது), 10 (வேறு பிராசஸை அணுகுவது) இரண்டையும் பாருங்கள். 8 வராததால் புகவில்லை என்று எண்ண வேண்டாம். புதிய த்ரெட் (நிரலின் இயங்கு இழை) தொடங்காமல், ஏற்கெனவே ஓடும் த்ரெட்டைத் திசைதிருப்பினால் அது பதிவாகாது.