78, எல்பி, இபி: முள்ளும் ஓட்டையும் ஏன் வேறுவேறு?

கும்பகோணம்:
பழைய மைக் செட் கடைகளைக் காலி பண்ணும்போது 78 தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டு) கட்டுக்கட்டாக வருகிறது, அதிலும் நாகஸ்வரம் நிறைய. வாங்குகிறவர்கள் எல்பி (33⅓ சுற்றில் நெடுநேரம் ஓடும் தட்டு) முள்ளையே வைத்துவிட்டு, "ஒரே இரைச்சல், தட்டு போச்சு" என்கிறார்கள். தட்டு போகவில்லை. 78-இன் பள்ளம் அகலமானது. முள்நுனியின் ஆரம் சுமார் 0.076 மி.மீ. வேண்டும். எல்பி முள்ளுக்கு 0.018 முதல் 0.025 வரைதான். அந்தச் சின்ன முள் பள்ளத்தின் அடியில் இறங்கி, அங்கே படிந்த அழுக்கை வாசிக்கும். பாட்டு இருக்கும் சுவரில் சரியாகப் படியாது. 78 முள்ளை எல்பியில் வைத்தால் இதைவிட மோசம், பள்ளத்தின் மேல்விளிம்பே சிதைந்துவிடும்.

மாயவரம்:
கும்பகோணத்து அண்ணே சொன்னதோட தட்டின் சரக்கையும் பாருங்க. 78 பெரும்பாலும் அரக்கு, கூடவே கல்பொடி. கிராமபோனின் இரும்பு முள் தேய்ந்து பள்ளத்துக்குப் பொருந்தவே அந்தப் பொடி. அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு முள்; இரைச்சலும் அதனால்தான். எல்பியின் சரக்கான வினைல் பிளாஸ்டிக் வழுவழுப்பு என்பதால் பள்ளத்தை மெல்லிசா, நெருக்கமா வெட்ட முடிஞ்சுது. 1948-ல் கொலம்பியா கொண்டுவந்த 33⅓ எல்பியில் ஒரு பக்கமே 20 நிமிஷத்துக்கு மேல ஓடும். 10 அங்குல 78-ல் மூணு நிமிஷம்தான். தோடி ஆலாபனைக்கு அது எந்த மூலைக்கு?

அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது, கரைஞ்சுடும். டிஸ்டில்டு வாட்டரில் ரெண்டு சொட்டு பாத்திர சோப்புத் திரவம் போதும், லேபிள் நனையாம. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உறைக்குள்ள பூஞ்சை பிடிக்கும். ஈரம் போக உலர்த்தி, புது உறையில் நிமிர்த்தி வையுங்க.

திருவாரூர்:
45 சுற்றுத் தட்டின் நடுவிலுள்ள பெரிய ஓட்டை 38 மி.மீ. 1949-ல் ஆர்.சி.ஏ. விக்டர், தட்டைத் தானே மாற்றும் பொறியைத் தடித்த தண்டுக்குள் வைத்தது, அதற்காக. நம்மூர் இபி (45 சுற்றில் ஓடும் சின்னத் தட்டு) பெரும்பாலும் சின்ன ஓட்டைதான். வெளிநாட்டுத் தட்டுக்கு அடாப்டர் (பெரிய ஓட்டையை அடைக்கும் வில்லை) போடும்போது ஆட்டம் இருந்தால் சுருதி அலையும்.

வேகத்தைச் சரிபார்க்கக் கோட்டுத்தாள் (சுழலும் தட்டின் மேல் வைக்கும் வட்டத்தாள்; மின்விளக்கின் துடிப்பில் அதன் கோடுகள் அசையாமல் தெரிந்தால் வேகம் சரி) வாங்குகிறவர்கள் கவனிக்கவும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்: 33⅓-க்கு 180 கோடு, 78-க்கு 77 கோடு. 92 கோடு உள்ள தாள் 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கானது. அதை இங்கே வைத்து, கோடு அசையாமல் நிற்கும்வரை திருகினால் தட்டு 65 சுற்றில்தான் ஓடும். சுருதி மூன்று ஸ்வரஸ்தானம் இறங்கிவிடும். எல்ஈடி வெளிச்சம் பல நேரம் உதவாது, நியான் விளக்கு நல்லது.