மல்கோவா மலையேறுமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நாயுடுபுரத்து அக்கா:

பெரியகுளத்தில் ஒரு கல்யாணம். திரும்பும்போது கும்பக்கரை ரோட்டில் ஒரு தோப்பு ஓரம் வண்டியை நிறுத்தினோம். மல்கோவா மாங்காய் பறித்துக் குவித்திருந்தார்கள். குண்டு குண்டாக, தோள் தூக்கி, மூக்கே தெரியாமல். காவலுக்கு இருந்த பெரியவரிடம் நல்ல காயாக ஒரு பெட்டி கேட்டேன். "எந்த ஊருக்குத் தாயி?" என்றார். கொடைக்கானல் என்றதும், நான் பொறுக்கி வைத்த காய்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் குவியலில் போட்டார். "மேல இது பழுக்காது, வெம்பிப் போயிரும். தெரிஞ்சே தர மாட்டேன்."

அப்புறம் உள்ளே போய் வைக்கோலுக்குள் கையை விட்டு ஒரே ஒரு பழம் எடுத்து வந்தார். தோல் இன்னும் பச்சைதான். காம்புப் பக்கம் முகர்ந்து பார்க்கச் சொன்னார். என்ன வாசனை! அங்கேயே நின்று சாப்பிட்டோம். நாரே இல்லை, கொட்டை வரை வழித்தெடுக்கலாம். காசு வாங்க மறுத்துவிட்டார். காய்களைத் திரும்பப் போட்ட அந்தக் கை மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. யாராவது மல்கோவாவை மேலே கொண்டுவந்து பழுக்க வைத்திருக்கிறீர்களா?

குன்னூர் வாசி:

என் கதை நீலம் மாம்பழம். மற்ற ரகமெல்லாம் ஓய்ந்தபிறகு, ஜூலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வருகிற பழம். மகள் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தாள். கொட்டை வாய் பிளந்து, உள்ளேயிருந்து கறுப்பாக ஒரு வண்டு நடந்து வந்து அவள் கட்டைவிரலில் ஏறியது. வீடே அதிர அலறினாள். பழத்தில் ஒரு துளை கிடையாது, சதையில் ஒரு புள்ளி கிடையாது. பிஞ்சிலேயே தோலில் வண்டு முட்டை வைத்துவிடுகிறது. புழு கொட்டைக்குள் போனதும் போன வழி மூடிக்கொள்கிறது. எவ்வளவு விளக்கியும் அவள் நீலத்தைத் தொடுவதில்லை. வருஷம் தவறாமல் காய்க்கிற, மல்லிகா, ஆம்ரபாலி என்ற மா ரகங்களுக்குப் பெற்றோராக இருந்த ரகம். எனக்கு ஆறவே இல்லை.

வத்தலகுண்டு பழக்கடை:

அக்கா, அந்தப் பெரியவர் நல்ல மனுஷர். ஆனால் சொன்னது முழுக்கச் சரியில்லை. என் தங்கை கொடைக்கானலில்தான் இருக்கிறாள். அவள் அரிசி டிரம்மில் போட்டுப் பழுக்க வைத்த மல்கோவாவைச் சாப்பிட்டிருக்கிறேன். கெடுப்பது மலை இல்லை, ராத்திரிக் குளிர். காய் 13 டிகிரிக்குக் கீழே சில நாள் கிடந்தால் தோல் சாம்பல் நிறமாகிக் குழி விழும், புளிப்பும் மாறாது. காயை ஃபிரிட்ஜில் வைத்தாலும் இதே கதிதான்.

வாங்கும்போது தோள் காம்புக்கு மேலே எழும்பியிருக்கிறதா பாருங்கள், அதுதான் முற்றல். காம்புப் பால் தோலில் வழிந்தால் கறுத்துவிடும். கவிழ்த்து வடியவிட்டு, கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். வைக்கோல் போட்ட அட்டைப்பெட்டியில், பழுத்த வாழைப்பழம் இரண்டு கூட வைத்து, சமையலறையில் அடுப்புப் பக்கம் வையுங்கள். நிறத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், மல்கோவா பச்சை மாறாமலே பழுக்கும். மணந்தால் நறுக்கிவிடலாம். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்ததைத் தொடவே தொடாதீர்கள். தடை செய்த பொருள், மேலே மஞ்சள் காட்டி உள்ளே காயாகவே இருக்கும். குன்னூர்க்காரரே, நீலத்தைக் கன்னம் கன்னமாக நறுக்கிக் கொடுங்கள், கொட்டை குழந்தை கைக்கே போக வேண்டாம்.

தாண்டிக்குடி பேரன்:

மலை கெடுக்காது என்று கடைக்காரர் எப்படிச் சொல்கிறார்? எங்கள் காப்பித் தோட்டத்து ஓரம் தாத்தா வைத்த மல்கோவா ஒட்டு மரம் நிற்கிறது. ஒரு வருஷம் இலையே தெரியாத அளவு பூத்தது. யார் வீட்டுக்கு எத்தனை பழம் என்று தாத்தா பேசவே ஆரம்பித்துவிட்டார். அந்த வாரமே மூட்டம் இறங்கியது. பூங்கொத்தெல்லாம் மாவு தூவினது மாதிரி சாம்பல் நோய். தாத்தா ஒரு கொத்தைத் தொட்டார், மொத்தமும் உதிர்ந்து சட்டையெல்லாம் வெள்ளை. தட்டிவிடக்கூட இல்லை, அப்படியே நின்றார்.

கீழே காய்த்ததை மேலே பழுக்க வைப்பது வேறு, மேலேயே காய்க்க வைப்பது வேறு. எங்கள் தாண்டிக்குடி போன்ற கீழ்மலை ஊர்களில் யாருக்காவது மல்கோவா காய்த்திருந்தால் எந்த ஊர், எத்தனை அடி உயரம், பூக்கும்போது சாம்பல் நோய்க்குக் கந்தகத்தூள் அடித்தீர்களா என்று எழுதுங்கள்.