ஒரே சாயம், வேறு நிறம்: மூலக்கூறுகள் அடுக்கிக்கொள்வதை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

கண்ணாடிக்குப்பி:
மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை வைத்து ஒரு நேர்கோடு வரைவதுதான் ஆய்வகத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. செறிவு கூடினால் அதே விகிதத்தில் ஒளி உறிஞ்சலும் கூட வேண்டும்; பீர்-லாம்பர்ட் விதி சொல்வது அதைத்தான். என் கோடு பாதி வழியில் வளைந்துவிட்டது. பிப்பெட் பிடித்த கையில்தான் தப்பு என்று மூன்று நாள் திரும்பத் திரும்பக் கரைசல் தயாரித்தேன். வளைவு போகவே இல்லை.

கூட இருந்த மூத்த ஆய்வாளர் ஒருவர் வந்து பார்த்தார். "உச்சியின் உயரத்தையே பார்க்கிறாயே, வடிவத்தைப் பார்த்தாயா?" என்று கேட்டுவிட்டு, ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். 10 மைக்ரோமோலார் கரைசலை 10 மி.மீ. குவெட்டில் (கரைசலை ஊற்றி ஒளி செலுத்தும் சின்னக் கண்ணாடிப் பெட்டி) அளக்க வேண்டும். பிறகு 100 மைக்ரோமோலார் கரைசலை 1 மி.மீ. குவெட்டில் அளக்க வேண்டும். செறிவு பத்து மடங்கு, ஒளி கடக்கும் தூரம் பத்தில் ஒரு பங்கு. ஒளியின் வழியில் இருக்கும் சாயத்தின் அளவு இரண்டிலும் ஒன்றுதான், ஆகவே இரண்டு நிறமாலையும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். படியவில்லை! அடர்ந்த கரைசலில் 664 நானோமீட்டர் உச்சி தாழ்ந்திருந்தது, 610ஐ ஒட்டிய தோள் மேலே எழும்பியிருந்தது. குவெட்டைச் சூடாக்கினால் தோள் இறங்கியது, ஆறவிட்டால் மறுபடி ஏறியது. மூலக்கூறுகள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து பிரிவதைக் கண்ணெதிரே பார்த்தேன்.

காரணம் இதுதான். இந்தச் சாய மூலக்கூறுகள் தட்டையானவை. நீரில் அவற்றின் முகங்கள் ஒன்றையொன்று தேடி, சுமார் 0.35 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கிக்கொள்கின்றன. ஒளி பட்டால் எலக்ட்ரான் மேகம் மூலக்கூறின் நீளவாக்கில் ஊசலாடும். அருகருகே நிற்கும் இரண்டும் ஒரே திசையில் ஆடினால், ஒரே வகை மின்னூட்டங்கள் பக்கத்தில் பக்கம் வந்து விலக்குகின்றன. அந்த ஆட்டத்துக்கு ஆற்றல் அதிகம் வேண்டும். எதிரெதிராக ஆடினால் ஆற்றல் குறைவு, ஆனால் ஒன்றை ஒன்று ரத்துசெய்துவிடுவதால் ஒளி அதைத் தொட முடியாது. ஆகவே உறிஞ்சல் குறைந்த அலைநீளத்துக்கு, அதாவது நீலப் பக்கம், நகர்கிறது. இதற்கு எச்-திரள் என்று பெயர். உங்கள் அனுபவம் என்ன, எழுதுங்கள்.

ஊதாத்துகள்:
நான் திசு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நீங்கள் சொல்வதை நாங்கள் தினமும் கண்ணால் பார்க்கிறோம், பெயர்தான் வேறு: நிறமாற்றச் சாயமேற்றம். டொலுயிடின் நீலம் ஊற்றினால் திசு முழுக்க நீலமாகிவிடும், மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களின் துகள்கள் மட்டும் செவ்வூதாவாகத் தெரியும். அந்தத் துகள்களில் இருக்கும் ஹெப்பாரின் என்ற நீண்ட மூலக்கூறில் எதிர்மின்னூட்டங்கள் நெருக்கமாக வரிசைகட்டி நிற்கின்றன. சாயம் போய் ஒவ்வொன்றிலும் ஒட்டும்போது, வேண்டாம் என்றாலும் அடுக்காகிவிடுகிறது. பால் எர்லிக் 1878இல் தன் முனைவர் ஆய்வேட்டில் இந்த செல்களை விவரித்ததும் அனிலின் சாயங்கள் காட்டிய இதே நிறமாற்றத்தைக் கொண்டுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தகட்டைச் சாயமேற்றி, ஆல்கஹாலில் வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் ஊதா எங்கேயும் இல்லை. செல்களே இல்லையென்று அறிக்கை எழுதும் நிலைக்குப் போய்விட்டேன். நல்லவேளை, அதே திசுவின் இன்னொரு வெட்டைச் சாயமேற்றி, ஆல்கஹாலுக்குக் கொண்டுபோகாமல் நீரோடு வைத்துப் பார்த்தேன். ஒரே புலத்தில் ஆறு ஏழு செல்கள், துகள் துகளாக ஊதா. முதல் தகட்டில் ஆல்கஹால்தான் அடுக்கைக் கலைத்திருந்தது. அன்றிலிருந்து சந்தேகம் வந்தால் முதலில் ஈரத் தகட்டைத்தான் பார்க்கிறேன்.

சோப்புநுரை:
எங்களுக்கு இந்த அடுக்கு தொல்லைதான். ரோடமைன் 6ஜி சாயத்தை நீரில் அடர்த்தியாகக் கரைத்தால் ஒளிர்வு மங்கும். ஜோடி சேர்ந்தவை வாங்கிய ஆற்றல் அந்த ஒளி தொடாத கீழ்நிலைக்கு இறங்கி, வெளிச்சமாகாமல் வீணாகிறது. சோப்பு போன்ற பரப்பு இயங்குபொருளைக் கொஞ்சம் சேர்த்தால் மூலக்கூறுகள் தனித்தனியாகிவிடும், ஒளிர்வும் திரும்பும். 1970இல் இடைவிடாமல் இயங்கிய முதல் சாய லேசரிலும் இந்த உத்தியே கைகொடுத்தது.

பச்சைச்சேறு:
என் அனுபவம் நேர் எதிர். பச்சைக் கந்தக பாக்டீரியாக்களை வளர்த்து, உயிரோடு இருக்கும்போதே நிறமாலை எடுத்தேன். உச்சி 750 பக்கம் வந்தது. அதே செல்களிலிருந்து பாக்டீரியோகுளோரோபில் சி என்ற நிறமியை மெத்தனாலில் பிரித்தெடுத்தால் 670தான்! மாதிரி கெட்டுப்போனது என்று முதல் தொகுதியைக் கொட்டிவிட்டேன். இப்போதும் மனசு கேட்கவில்லை. குளோரோசோம் என்ற பைக்குள் அந்த நிறமிகள் புரதத்தின் துணை இல்லாமலே ஒன்றோடொன்று அடுக்கியிருக்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் உங்களுக்கெல்லாம் நீலப் பக்கம் போவது இங்கே ஏன் சிவப்புப் பக்கம் போகிறது?

கண்ணாடிக்குப்பி:
அருமையான கேள்வி. அடுக்கு சரிந்திருப்பதுதான் காரணம். தட்டுகளை நேராக அடுக்கினால் எச்-திரள். படிக்கட்டு போல ஒவ்வொன்றும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தால், ஒன்றின் தலைப்பக்கம் அடுத்ததன் வால்பக்கத்துக்கு நேராக வரும். அப்போது ஒரே திசையில் ஆடுவது ஈர்ப்பாகிவிடும், ஆற்றல் குறையும், உறிஞ்சல் சிவப்புப் பக்கம் போகும். இது ஜே-திரள். அடுக்கின் அச்சுக்கும் ஊசலாட்டத் திசைக்கும் இடையே சுமார் 54.7 பாகை இருந்தால் இந்த இடைவினை பூஜ்யம். அதற்கு மேல் எச், கீழ் ஜே. வேதியியலாளர் மைக்கேல் காஷா 1960களில் இதைத் தெளிவாக வகுத்தார்.

ஜே என்பது ஜெல்லியின் முதலெழுத்து. புகைப்படச் சுருள் நிறுவனமான கோடாக்கின் ஆய்வகத்தில் இருந்த எட்வின் ஜெல்லியும், ஜெர்மனியில் குந்தர் ஷைபவும் 1936-37இல் தனித்தனியாகச் சூடோ ஐசோசயனின் சாயத்தில் இதைக் கண்டார்கள். அதை நானும் செய்து பார்த்தேன். தனி மூலக்கூறுக்கு 525இல் அகலமான மேடு. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே உப்பு சேர்த்த அடர்ந்த கரைசல் ஒரு துளி வைத்தேன். 573இல் ஊசி போல ஒரு கோடு எழும்பியது. திரையில் ஏதோ கோளாறு என்றே முதலில் நினைத்தேன், அவ்வளவு ஒல்லி. கிளர்ச்சி பல மூலக்கூறுகள்மேல் ஒருசேரப் பரவுவதால் ஒவ்வொன்றின் சின்னச் சின்ன வேறுபாடும் சராசரியாகிப்போகிறது, அதனால் அந்த ஒல்லி. தகட்டை மெல்லச் சூடாக்கியதும் கோடு கரைந்து, 525 மேடு திரும்ப வந்தது. அன்று மாலை முழுக்கச் சூடாக்குவதும் ஆற்றுவதுமாகவே போனது.