மாடு சுவரை நக்குவது ஏன்? கால்நடை வைத்தியர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அட்டன் பக்கத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுக்கிறேன். குருதியமுக்கப் பாடத்தில் ஓரிடத்தில் உங்கள் உதவி தேவை.

உடலில் சோடியம் (உப்பில் இருப்பது) குறைந்து குருதிக் கனவளவு இறங்கினால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கும். அதன் வழியே உருவாகும் அஞ்சியோடென்சின் 2 என்ற ஹோர்மோன் குருதிக் கலன்களைச் சுருக்கும், அல்டோஸ்டெரோன் என்ற இன்னொரு ஹோர்மோனையும் சுரக்க வைக்கும். அல்டோஸ்டெரோன் சோடியத்தைப் பிடித்து வைக்க, தண்ணீரும் கூடவே தங்கும். இதுவரை சரி, பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது.

அப்புறம் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், எங்க மாடு லயத்துச் சுவரையே நக்கிக்கிட்டு இருக்கே, அதுக்கும் இதுதான் காரணமா?"

அருமையான கேள்வி. சோடியம் போதாத மாட்டின் உமிழ்நீரிலும் அல்டோஸ்டெரோன் வேலை செய்கிறது: சோடியம் குறையும், பொட்டாசியம் ஏறும். அவுஸ்திரேலியாவின் ஸ்னோயி மலைகளில் உப்புக் குறைந்த புல்லைத் தின்ற காட்டு முயல்களுக்கு, சிறுநீரகத்துக்கு மேலுள்ள அதிரீனல் சுரப்பியில் அல்டோஸ்டெரோன் சுரக்கும் பகுதியே பெருத்திருந்ததாம்!

ஆனால் நக்குவதை மட்டும் வைத்து உப்புக் குறை என்று சொல்லிவிடலாமா? வைத்தியர்கள் சொல்லுங்கள். உப்புக் கட்டி தொங்கவிட்ட பிறகு உங்கள் மாடுகள் சுவரை விட்டுவிட்டனவா? மாடு வளர்ப்பவர்களும் எழுதுங்கள். உமிழ்நீர் பற்றித் தமிழில் தெளிவான வரைபடம் இருந்தால் அதையும் போடுங்கள், அடுத்த வகுப்பிலேயே காட்டிவிடுவேன்.