பிள்ளையார் கோயில் தெரு நலச்சங்கம் குழு: 15ஆம் தேதி ஏரியா சபை

மாலதி (செயலாளர்): எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர் 15 காலை 10 மணிக்கு ஏரியா சபை, அதான் நம்ம ஏரியா மக்கள் கவுன்சிலர், மாநகராட்சி அதிகாரிங்ககிட்ட நேரா குறை சொல்ற கூட்டம். சமுதாயக் கூடம். கவுன்சிலர் ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. பேசுறவங்க பேர் குடுங்க.

பாபு 2வது குறுக்கு: நான்

ரஃபீக் பாய்: நானும்

விஜயா டீச்சர்: தெருவிளக்கு பத்தி நான்

லோகு: குப்பை வண்டி. நான்

கதிர்: எழுதிக்கோங்க என்னையும்

சுந்தரம் சார்: மாலதி, பேர் வாங்குறதை நிறுத்தும்மா. ஆளுக்கு இவ்வளவு நேரம்னு பிரிச்சா எதுவும் உருப்படாது. பிரச்சினைக்கு இவ்வளவு நேரம்னு பிரிக்கணும். ஒன்றரை மணி நேரக் கூட்டம்னு வைங்க. வரவேற்பு, கவுன்சிலர் பேச்சு, போன கூட்டத்துக்கான பதில் எல்லாம் சேர்ந்து 20 நிமிஷம் போயிடும். அதிகாரிங்க பதில் சொல்ல 20. கூட்டத்துல பேசினதை மினிட் புக்ல எழுதி வாசிச்சுக் காட்ட 10. மிச்சம் 40 நிமிஷம். அதுல நம்மளோட சேர்த்து நாலு தெரு. ஆக நம்ம பங்கு 10 நிமிஷம். அஞ்சு பேர் எழுந்தா ஆளுக்கு 2 நிமிஷம். வணக்கம் சொல்லி, மேடையில இருக்கிறவங்க பேரெல்லாம் சொல்றதுக்குள்ள அதுல பாதி காலி.

பாபு 2வது குறுக்கு: சார், 2 நிமிஷத்துல நான் எங்க ஆரம்பிக்கிறது

லோகு: உங்களுக்கு 2 மணி நேரமும் பத்தாது அண்ணே

ரஃபீக் பாய்: 😀

சுந்தரம் சார்: மூணு பிரச்சினை, மூணு பேர், தலா 3 நிமிஷம். முதல் நிமிஷம்: இடம், எத்தனை நாளா, மாநகராட்சியோட 1913 போன்ல பதிஞ்ச புகார் எண். இரண்டாவது: என்ன செஞ்சா சரியாகும். மூணாவது நிமிஷம் பேசாதீங்க, அதிகாரிகிட்ட தேதி கேக்கறதுக்கு வைங்க. "பார்க்கிறோம்"னு சொன்னா, "எந்தத் தேதிக்குள்ள, பேரோட எழுதிக்கலாமா"ன்னு ஒரே ஒரு தடவை பொறுமையா கேளுங்க.

விஜயா டீச்சர்: விளக்குக்கு கம்பத்து நம்பர் சொல்லணுமா

சுந்தரம் சார்: கட்டாயம். "கோயில் பக்கத்துல இருக்கிற விளக்கு"ன்னு சொன்னா ஏ.ஈ.க்கு, அதான் உதவிப் பொறியாளருக்கு, நாலு விளக்கு ஞாபகம் வரும். கம்பத்துல பெயின்ட்ல எழுதியிருக்கிற எண்ணைப் போட்டோ எடுத்து, ஒரே தாள்ல பட்டியல் போட்டு ரெண்டு பிரதி கொண்டு போங்க. ஒண்ணைக் குடுத்துட்டு, இன்னொண்ணுல கையெழுத்தும் தேதியும் வாங்கிடுங்க.

ஸ்டெல்லா 4வது வீடு: மாலதி, சதுர்த்தி வரவு செலவு எப்போ போடுவீங்க? பந்தல்காரர் மறுபடி கேட்டாரு

மாலதி (செயலாளர்): ஞாயித்துக்கிழமை போடுறேன் ஸ்டெல்லா

லோகு: போன வருஷக் கணக்கே இன்னும் வரலியே

மாலதி (செயலாளர்): லோகு, அதை வேற நாள் பேசலாம்

ரஃபீக் பாய்: குழாய்த் தண்ணியில சாக்கடை வாடை வருதே, அது?

சுந்தரம் சார்: பாய், அது குடிநீர் வாரியம் பார்க்க வேண்டியது. மாநகராட்சி ஏ.ஈ.கிட்ட கேட்டா "சொல்லிடுறேன்"னுதான் பதில் வரும். அவங்க ஆளும் கூட்டத்துக்கு வரணும்னு இன்னிக்கே கவுன்சிலர் ஆபீஸ்ல எழுதிக் குடுங்க. ஆள் வரலைன்னா அதுல 3 நிமிஷம் செலவழிக்காதீங்க, மனுவா குடுத்துட்டு உக்காருங்க. கரண்ட் கம்பியும் அப்படித்தான், அது மின்வாரியம்.

கார்த்திக்: தாத்தா, நேரா மாநகராட்சித் தலைமை ஆபீஸ் ரிப்பன் மாளிகைக்கே போய் மன்றக் கூட்டத்துல பேசினா என்ன?

சுந்தரம் சார்: அங்க பொதுமக்களுக்குப் பேச்சு கிடையாதுப்பா. 200 கவுன்சிலர். கேள்வி நேரத்துக்கு முன்கூட்டியே எழுதிக் குடுத்திருக்கணும். நேரமில்லா நேரத்துல, அதான் அவசரப் பிரச்சினை பேசுற ஜீரோ ஹவர்ல, வாய்ப்புக் கிடைச்சாலும் கொஞ்ச நேரம்தான். அதனால நம்ம கவுன்சிலர் கையில ஒரு பத்தி, ஒரே ஒரு கேள்வி குடுங்க. பத்து கோரிக்கை குடுத்தா பத்தும் தலைப்போட நின்னுடும்.

பாபு 2வது குறுக்கு: வடிகால் தூர்வாரறதை நான்தான் பேசுவேன். மேல சாய்தளம் கட்டினவங்க பேரோட

கதிர்: யாரைச் சொல்றீங்க பாபு

பாபு 2வது குறுக்கு: தெருவுக்கே தெரியும்

கதிர்: உங்க அப்பா போட்ட படிக்கட்டு எங்க நிக்குதுன்னும் தெருவுக்குத் தெரியும்

மாலதி (செயலாளர்): ரெண்டு பேரும் நிறுத்துங்க ப்ளீஸ்

சுந்தரம் சார்: இந்தச் சண்டை அங்க வந்தா நம்ம 10 நிமிஷமும் போச்சு. "ஆக்கிரமிப்பு உள்ளது"ன்னு ஒரு வரி எழுதிட்டு அடுத்த தெருவுக்குப் போயிடுவாங்க, தூர்வாரல் பதிவுலயே வராது. ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10னு வருஷத்துக்கு நாலு சபை. இதை விட்டா டிசம்பர்தான், அதுக்குள்ள வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் பெய்ஞ்சு முடிஞ்சிடும். வடிகாலை முதல் பிரச்சினையா வைங்க. எந்த வீட்டு எண்ல இருந்து எந்த எண் வரைக்கும்னு மட்டும் சொல்லுங்க. யார் வீட்டையும் பேர் சொல்லக் கூடாது.

ரஃபீக் பாய்: சரியான பேச்சு

கார்த்திக்: நேரம் நான் பாக்குறேன். போன்ல பெல் வைக்கவா

சுந்தரம் சார்: பெல் வேண்டாம். பெரியவங்களை பெல் அடிச்சு உக்கார வெச்சா மனசு புண்படும், பதிலுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் பேசுவாங்க. ரெண்டு அட்டை போதும். 2 நிமிஷம் ஆனதும் மஞ்சள், 3 ஆனதும் சிவப்பு. பேசுறவர் கண்ணுக்கு நேரா, மேடைக்குப் பக்கத்துல நில்லு. பின்னாடி நின்னா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. மைக் ஸ்டாண்டுலயே இருக்கட்டும். கையில குடுத்தா திரும்ப வாங்கறதே ஒரு வேலை.

விஜயா டீச்சர்: அந்தக் கடைசி 10 நிமிஷம் எதுக்கு சார்? அதையும் பேச விடலாமே

சுந்தரம் சார்: அதை மட்டும் யாருக்கும் விட்டுக் குடுக்காதீங்க டீச்சர். மினிட் புக்ல ஏறாதது பேசாததுக்குச் சமம். "தெரு பிரச்சினைகள் குறித்து விவாதிக்கப்பட்டது"ன்னு எழுதியிருந்தா, இடமும் தேதியும் சேர்க்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் கலையுங்க. நகல் கிடைக்கலைன்னா 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடலாம், 30 நாள்ல பதில் தரணும்.

லோகு: அப்போ குப்பை வண்டி?

மாலதி (செயலாளர்): வடிகால் பாபு, விளக்கு டீச்சர். மூணாவது குப்பையா தண்ணியா, தெரியலை

ரஃபீக் பாய்: வாரியத்துல ஆள் வந்தா தண்ணி, வரலைன்னா குப்பை

லோகு: நான் எழுதிட்டு வந்து சும்மா உக்காரவா

கதிர்: வடிகாலை பாபு பேசக்கூடாது. டீச்சர் பேசட்டும்

பாபு 2வது குறுக்கு: ஏன்

மாலதி (செயலாளர்): சுந்தரம் சார், நீங்களே சொல்லுங்க

சுந்தரம் சார்: பாபு எழுதட்டும், டீச்சர் வாசிக்கட்டும். ஒரு பக்கம், 250 வார்த்தைக்கு மேல வேண்டாம். நாளைக்கு ராத்திரிக்குள்ள இங்க போடு பாபு, வீட்டு எண்களை நானும் கதிரும் நடந்து போய்ச் சரிபார்க்கிறோம்.

பாபு 2வது குறுக்கு: எழுதறேன். வாசிக்கறதைப் பத்தி அப்புறம் பேசலாம்

ஸ்டெல்லா 4வது வீடு: பந்தல்காரர் நம்பர் யார்கிட்டயாவது இருக்கா