என் பெயரைத் தட்டினேன், ‘சின்டாக்ஸ் ஓகே’ என்றது

2014-இல் ஒரு சிறு நிறுவனத்தின் சர்வரை உபுண்டு இயங்குதளத்தின் 12.04 பதிப்பிலிருந்து 14.04-க்கு ஏற்றினேன். ஒரே இயந்திரத்தில் இரண்டு தளங்கள். ஏற்றி முடித்ததும் இரண்டு முகவரியிலும், தளங்களை வழங்கும் மென்பொருளான அப்பாச்சியின் ‘இட் வொர்க்ஸ்’ (வேலை செய்கிறது) என்ற இயல்புப் பக்கமே வந்து நின்றது. அந்த நேரத்தில் அந்த வாசகத்தைப் படிக்க எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தளத்தின் பெயரைச் சொல்லும் சர்வர்நேம் சரி. கோப்புகள் இருக்கும் இடத்தைச் சொல்லும் டாக்குமென்ட்ரூட் சரி. பெயரை ஐபி எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸும் சரியான ஐபியைத்தான் காட்டியது. அமைப்புக் கோப்புகளில் எழுத்துப்பிழை தேடும் கான்ஃபிக் டெஸ்ட் ஓட்டினால் ‘சின்டாக்ஸ் ஓகே’. நள்ளிரவு தாண்டிய எரிச்சலில் தளத்தின் வெர்ச்சுவல் ஹோஸ்ட் கோப்பை (ஒரே சர்வரில் உள்ள பல தளங்களில் ஒன்றுக்கான அமைப்பு) திறந்து, முதல் வரியில் என் பெயரைத் தட்டிச் சேமித்தேன். அதற்கும் ‘சின்டாக்ஸ் ஓகே’! அப்போதுதான் உறைத்தது: இவ்வளவு நேரம் நான் திருத்திக்கொண்டிருந்த கோப்பைச் சர்வர் படிக்கவே இல்லை.

12.04-இல் இருந்தது அப்பாச்சி 2.2. அது, இயங்க வேண்டிய தளங்களின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் சைட்ஸ்-எனேபிள்டு அடைவில் எந்தப் பெயரில் கோப்பு இருந்தாலும் எடுத்துக்கொள்ளும். 14.04-உடன் வந்த 2.4, ‘.கான்ஃப்’ என்று முடியும் கோப்புகளை மட்டுமே எடுக்கும். பழைய இணைப்புகளை அழித்து, பெயரை மாற்றி, மறுபடி இயக்கினேன். உடனே 403, அதாவது ‘அனுமதி இல்லை’ என்ற பிழை. தளக் கோப்புகள் ஹோம் அடைவில் இருந்தன. அந்த அடைவுக்கு ‘ரிக்வயர் ஆல் கிரான்டட்’ (எல்லோருக்கும் அனுமதி) என்று எழுதிய பிறகே வழிவிட்டது.

* * *

அண்ணா, எனக்கு நேர்ந்தது இதைவிடக் கூத்து. ஒரே சர்வரில் ஒரு நகைக்கடையும் ஒரு பள்ளியும். நகைக்கடைக்கு மட்டும், ஹெச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்புக்கான போர்ட் 443-இல் ஹோஸ்ட் எழுதியிருந்தேன். பள்ளி முகவரியை ஹெச்டிடிபிஎஸ்ஸில் திறந்தவர்களுக்கு முதலில் சான்றிதழ் எச்சரிக்கை; அதையும் மீறி உள்ளே போனவர்களுக்கு ஆரமும் ஒட்டியாணமும். தலைமையாசிரியர் தொலைபேசியில் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

பெயர் பொருந்தாவிட்டால் அப்பாச்சி பிழை காட்டாது. அந்தப் போர்ட்டில் முதலில் படித்த ஹோஸ்ட்டைத் தூக்கிக் கொடுத்துவிடும். அப்பாச்சிசிடிஎல் கட்டளையுடன் சிறு கோடும் பெரிய ‘எஸ்’ஸும் (-S) சேர்த்து ஓட்டிப் பாருங்கள். எந்தப் போர்ட்டுக்கு எது இயல்பு ஹோஸ்ட், எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்று பட்டியலே வரும். உங்கள் கோப்பு அதில் இருந்திருக்காது.

* * *

இருக்கவில்லைதான் தம்பி. அந்தக் கட்டளையை நான் தெரிந்துகொண்டது மறுநாள் காலையில்.