சூளையைத் திறந்ததும் கிளேஸ் ஒதுங்கிக் கிடந்த கதைகள்

மண்கை:
வெள்ளை டின் கிளேஸ் (வெள்ளீய ஆக்சைடு கலந்த கண்ணாடிப் பூச்சு), 1240 டிகிரி, 18 கிண்ணம். 17 பழுதில்லை. மிச்சம் ஒன்றின் உட்புறம் கட்டைவிரல் அகலத்துக்கு வெறும் மண் தெரிகிறது. சுற்றிலும் கிளேஸ் தடித்து வரப்பு கட்டின மாதிரி நிற்கிறது. விரலை வைத்துப் பார்த்தேன், அப்படியே பொருந்தியது. அன்று காலை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்து, அதே கையால் பிஸ்கட்டை (ஒருமுறை சுட்ட, கிளேஸ் பூசாத கிண்ணத்தை) தொட்டிருக்கிறேன். ஆறு மாதமாயிற்று, அந்தத் தடம் கண்ணை விட்டுப் போகவில்லை.

சபையர்காரன்:
என்னுடையது மைக்ரோஸ்கோப் அளவுக் கதை. சபையர் (அலுமினாப் படிகம்) தட்டின்மேல் அனார்தைட் (கால்சியம் அலுமினோ சிலிகேட்) கண்ணாடிப் படலம், தலைமுடித் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. முதலில் 1200-இல் வைத்தேன், ஓடவில்லை, படிகமாகிவிட்டது. சரி, உருகுநிலை 1553 தானே என்று அதற்கு மேல் ஏற்றி, ஆறவைத்து எடுத்தால் படலத்தையே காணோம். சேப்பங்கிழங்கு இலைத் தண்ணீர் போலக் குட்டிக் குட்டித் துளிகள். பாலிஷில் விழுந்த ஒரு கீறல்மேல் மட்டும் பாசிமணி கோர்த்தாற்போல வரிசை. கீறல் இல்லாத தட்டாக எடுத்திருக்கக் கூடாதா என்றார் கைடு. எனக்கு அந்த வரிசைதான் பிடித்திருந்தது.

சூளைமேட்டான்:
மண்கை, எண்ணெய் 1240 வரை தாங்குமா? 500-க்குள் எரிந்து போயிருக்கும். பூசின அன்றே அந்த இடத்தில் கிளேஸ் ஒட்டவில்லை. காய்ந்ததும் மயிரிழை வெடிப்பு விட்டது. உருகும்போது அங்கிருந்து பின்வாங்கியது. டின் போட்டால் பரப்பு இழுவிசை கூடும், வெடிப்பு திரும்ப மூடாது. பிஸ்கட்டை ஈர ஸ்பஞ்சால் துடையுங்கள். தடியாக முக்காதீர்கள். கிளேஸில் சுடாத பச்சைக் களிமண் அதிகமென்றால் காயும்போதே சுருங்கும், பாதியைச் சுட்டுத் தூளாக்கிச் சேருங்கள். காய்ந்தபின் வெடிப்பு தெரிந்தால் விரலால் தேய்த்து அடையுங்கள் (எண்ணெய் இல்லாத விரலால்). சபையர்காரர் சொல்வது சுத்தமான பரப்பிலேயே நடப்பது, இரண்டையும் குழப்ப வேண்டாம்.
என் அனுபவம்: துத்தநாகக் கிளேஸ், 1280 ஏற்றி 1080-இல் 4 மணி நேரம் நிறுத்தினேன். ஐந்து ரூபாய் நாணயம் அளவு வில்லமைட் (துத்தநாக சிலிகேட் படிகம்) பூ. கிளேஸ் வழிந்து ஜாடியின் அடி சூளை ஷெல்ஃபோடு ஒட்டிக்கொண்டது. உளியால் தட்டினேன், பூவோடு சேர்ந்து போயிற்று.

சபையர்காரன்:
குழப்பவில்லை ஐயா. ஓட்டை விழ ஓர் இடம் கிடைத்தால் போதும், கீறலோ விரலோ. அப்புறம் ஓரம் தடிப்பது இரண்டிலும் ஒன்றேதான்.

மண்கை:
துடைக்கத் தெரியும் சார். அன்று துடைக்கவில்லை, அவ்வளவுதான்.